‘கோஸ்ட்’ நாவலைப் படித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஜேசன் ரெனால்ட்ஸ் எழுதிய ‘கோஸ்ட்’ நாவலை எங்கள் பகுதிக் குழந்தைகளோடு சனிக்கிழமை காலைகளில் உட்கார்ந்து சத்தமாக வாசித்து முடித்தோம். மொத்தம் 11 பேர், 10 வயதிலிருந்து 13 வரை. பாதி தாண்டுவதற்குள்ளேயே பெற்றோர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், அப்புறம் புத்தகத்தை இரவல் வாங்கிப் போன இரண்டு ஆசிரியர்கள், அவர்களிடமிருந்து வாங்கிய நண்பர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் வைக்கிறேன். கதையின் முடிவு வரை பேசியிருக்கிறேன், அதனால் புத்தகத்தை முதலில் படிக்க விரும்புகிறவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

கதை என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

காசில் கிரான்ஷா ஏழாம் வகுப்புப் பையன். அமெரிக்க நகரம் ஒன்றில் கிளாஸ் மேனர் என்ற ஏழைக் குடியிருப்பில் அம்மாவோடு வாழ்கிறான். அம்மாவுக்கு மருத்துவமனை உணவகத்தில் வேலை, கூடவே நர்ஸ் ஆவதற்குப் படிக்கவும் செய்கிறார். அப்பா சிறையில் இருக்கிறார். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு இரவு குடித்துவிட்டு வந்த அப்பா இவர்கள் இருவரையும் நோக்கித் துப்பாக்கியால் சுட்டார். அம்மாவும் மகனும் தெருவில் ஓடி, பக்கத்தில் கடை வைத்திருக்கும் சார்லஸ் என்ற பெரியவரிடம் தஞ்சம் புகுந்தார்கள், அவர் சரக்கு அறையில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். தன்னால் இவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று காசிலுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவனுக்கு ஓட்டப்பந்தயத்தில் ஆசையே கிடையாது, கூடைப்பந்துதான் கனவு. ஒருநாள் டிஃபெண்டர்ஸ் என்ற தடகளக் குழு பயிற்சி எடுப்பதை வேடிக்கை பார்க்கிறான். அங்கே லூ என்ற பையன் பளபளவென்று உடை போட்டுக்கொண்டு அலட்டுவது பிடிக்காமல், சாதாரண உடுப்போடு பக்கத்தில் போய் நின்று ஓடி அவனுக்கு ஈடு கொடுத்துவிடுகிறான். பயிற்சியாளர் பிராடி அவனை விடுவதாக இல்லை. அங்கிருந்து கதை பிடித்துக்கொள்கிறது. 2016-இல் வெளிவந்த புத்தகம், அந்த ஆண்டு அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதுக்கு இளையோர் பிரிவில் இறுதிப் பட்டியல் வரை போனது.

துப்பாக்கிச் சூட்டோடு தொடங்குகிற கதையைப் பத்து வயதுக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

எனக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். கேட்டவர்கள் எல்லாருமே பெரியவர்கள், ஒரு குழந்தைகூட இதைக் கேட்கவில்லை.

கொடுக்கலாம் என்றுதான் சொல்வேன். அந்த இரவை ரெனால்ட்ஸ் ரத்தமும் சதையுமாக எழுதவில்லை. பையன் தன் குரலில், நடந்து முடிந்த ஒன்றைச் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறான். யாரும் சாகவில்லை. அவன் உயிரோடு இருந்து நமக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறான், அந்தத் தைரியத்திலேயே குழந்தைகள் அந்தப் பக்கங்களைக் கடந்துவிடுகிறார்கள். நான் பயந்து பயந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அந்தப் பகுதியை வாசித்தேன். வாசித்து முடித்ததும் ஒரு சிறுமி கேட்டது, “அந்தக் கடைக்காரத் தாத்தா நல்லவரா அக்கா?” என்று மட்டும்தான். நல்லவர் என்றேன். சரி, மேலே படியுங்கள் என்றாள்.

ஆனால் வீட்டில் குடியும் அடியும் பார்த்து வளர்கிற குழந்தை என்றால், புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். கூட உட்காருங்கள். அந்தக் குழந்தை உங்களிடம் ஏதாவது சொல்ல ஆரம்பிக்கலாம், சொல்லும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

கோஸ்ட் என்று ஏன் பெயர்? பேய்க்கதை என்று நினைத்து வாங்கிவிட்டேன்.

காசில் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். அன்றிரவு மூச்சிரைக்க ஓடிவந்த இருவரையும் பார்த்து சார்லஸ் ஏதோ பேயைப் பார்த்ததுபோல் விழித்தார், அதிலிருந்து வந்தது. பேய் யாரும் வரமாட்டார்கள்.

அந்தச் சூரியகாந்தி விதை விஷயம் எதற்கு அத்தனை தடவை வருகிறது?

இதைக் கேட்டவர் ஒரு ஆசிரியர், கதைக்குத் தேவையில்லாத விவரம் என்பது அவருடைய எண்ணம். எனக்கோ இந்தப் புத்தகத்திலேயே மிகவும் பிடித்த விவரம் அதுதான்.

பள்ளி விட்டதும் காசில் தினமும் சார்லஸ் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் விதை வாங்குவான். அதைத் தின்பதற்கு அவனிடம் ஒரு முறை உண்டு. வாயில் போட்டு முதலில் உப்பை உறிஞ்ச வேண்டும், அப்புறம் பல்லால் தோட்டை உடைத்து, நாக்கால் பருப்பைப் பிரித்து, தோட்டைத் துப்ப வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. அவன் அப்பாவும் இதே விதையைத்தான் தின்பார், ஆனால் தோடு, பருப்பு எல்லாவற்றையும் சேர்த்து அப்படியே மென்று விழுங்குவார். இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட்டு ரெனால்ட்ஸ் எந்த விளக்கமும் கொடுக்கவில்லை. அப்பாவிடமிருந்து வந்த பழக்கத்தைப் பையன் விடவில்லை, தனக்கென்று வேறு விதமாக மாற்றி வைத்துக்கொண்டான். துப்பாக்கி நீட்டிய அப்பாவை ஒரு பிள்ளை முழுசாக வெறுத்துவிடவும் முடியாமல், மறக்கவும் முடியாமல் இருப்பதை அந்தப் பாக்கெட் விதையில் வைத்து எழுதிவிட்டார். அந்தக் கடையிலேயே போய் அதை வாங்குகிறான் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

கதாநாயகனே கடையில் ஷூ திருடுகிறான். பிள்ளைகள் இதைப் பார்த்துக் கெட்டுப்போக மாட்டார்களா?

இதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். காசிலிடம் இருப்பது கணுக்காலை மூடுகிற உயரமான கூடைப்பந்து ஷூ. அதைப் போட்டுக்கொண்டு ஓடுவது பாரம். புதிதாக வாங்கித் தரச் சொல்லி அம்மாவிடம் கேட்க மனம் வரவில்லை. அதனால் அவனே அந்த ஷூவின் மேல்பகுதியை வெட்டி எடுத்துவிடுகிறான். வெட்டிய இடம் பிசிறு பிசிறாக நிற்கிறது. அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறான், பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய், வெள்ளி நிறத்தில் மின்னுகிற ஓட்ட ஷூ ஒன்றை எடுத்துக்கொண்டு நழுவுகிறான்.

இந்த இடத்தை வாசித்தபோது எங்கள் கூட்டத்தில் ஒரு பையன் மெதுவாகத் தன் கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டான். நான் எதிரே உட்கார்ந்திருந்ததால் கவனித்தேன். அவன் ஷூவின் முன்பக்கம் வாய் பிளந்து, பசை போட்டு ஒட்டியிருந்தது, பசை காய்ந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு. அதுவரை ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏதாவது பேசிக்கொண்டே இருந்தவன் அன்று வாயே திறக்கவில்லை.

துப்பாக்கிப் பகுதியில் அமைதியாகத் தலையாட்டிய குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஷூ வெட்டுகிற பகுதியில் முகம் மாறியது. பெரியவர்கள் நாம் துப்பாக்கிக்குப் பயப்படுகிறோம், குழந்தைகளுக்குப் பயம் சிரிப்பின் மேல். நாலு பேர் முன்னால் நம் காலைப் பார்த்து ஒருத்தர் சிரிக்க, அது வகுப்பு முழுக்கப் பரவுவது இருக்கிறதே, அதை அவர்கள் நன்றாக அறிவார்கள். ரெனால்ட்ஸுக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் திருட்டுக்கு முன்னால் சிரிப்பை அவ்வளவு கவனமாக வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

கெட்டுப்போவார்களா என்றால், நாங்கள் வாசித்த அன்று நடந்த சண்டையைக் கேளுங்கள். “கோச்கிட்ட கேட்டிருக்கலாம்ல?” என்றாள் ஒருத்தி. “கேட்டா அம்மாவுக்குப் போயிரும். அம்மா அழுவாங்க” என்றான் இன்னொருவன். “அதுக்காக? கடைக்காரர் அழமாட்டாரா?” இப்படி அரைமணி நேரம் போனது. திருடியது சரி என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை, திருடாமல் இருந்திருக்க என்ன வழி என்றுதான் ஒவ்வொருவரும் தேடினார்கள். திருடாதே என்று நாம் சொல்கிறபோது குழந்தை தலையாட்டிவிட்டுப் போகும், அந்த அரைமணி நேரம் அதில் கிடைக்காது.

பயிற்சியாளர் கடைசியில் காசு கொடுத்து அந்த ஷூவையே வாங்கித் தருகிறார். இது தண்டனையா, பரிசா?

நல்ல கேள்வி, ஒரு அப்பா கோபமாகவே கேட்டார். விஷயம் வெளியே வந்ததும் பிராடி அவனை அந்தக் கடைக்கே அழைத்துப் போகிறார். காசில் மன்னிப்புக் கேட்கிறான். அப்புறம்தான் பிராடி பணம் கட்டுகிறார்.

நான் அந்த அப்பாவிடம் சொன்னது இதுதான். பிராடி யார் என்று பாருங்கள். டாக்சி ஓட்டிப் பிழைக்கிறவர், வழுக்கைத் தலை, உடைந்த பல், அதே கிளாஸ் மேனரில் வளர்ந்தவர். அவருடைய அப்பா போதைக்கு அடிமையானவர். காசில் பள்ளியில் சண்டை போட்டு மாட்டியபோது சும்மா விடவில்லை, தன் டாக்சியைத் தேய்த்துக் கழுவ வைத்தார். தப்புக்கு விலை உண்டு என்பதை அவர் ஒருபோதும் மறைப்பதில்லை. கடையில் அந்த விலை மன்னிப்பு, அதுவும் யாரிடமிருந்து எடுத்தானோ அவர்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கும் மன்னிப்பு. ஷூ அதற்குப் பரிசாக வரவில்லை. ஓடுவதற்குப் பையனுக்கு ஷூ தேவை, அது முன்பும் தேவையாகத்தான் இருந்தது, அந்தத் தேவையைப் பெரியவர் ஒருவர் முதல்முறையாகக் கவனித்தார். அவ்வளவுதான். தண்டனையும் உதவியும் ஒரே நாளில் வரக்கூடாது என்று ஏன் நினைக்கிறோம் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த அப்பா முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. மன்னிப்போடு, உழைத்து அந்தப் பணத்தை அடைக்கவும் வைத்திருக்க வேண்டும் என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது.

அவன் ஜெயித்தானா இல்லையா? முடிவே இல்லாமல் முடிந்துவிட்டதே!

குழந்தைகளின் முதல் கோபம் இதுதான். முதல் போட்டி. 100 மீட்டர். காசில் கோட்டில் நிற்கிறான், ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கி வெடிக்கிறது, புத்தகம் முடிந்துவிடுகிறது. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டியே பார்த்தாள் ஒரு சிறுமி.

எனக்கும் முதல் வாசிப்பில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. இரண்டாம் முறை வாசித்தபோதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. கதையில் அவனுடைய முதல் ஓட்டமும் துப்பாக்கிச் சத்தத்தில் தொடங்கியது, கடைசி ஓட்டமும் அப்படியே தொடங்குகிறது. ஸ்பிரிண்ட் என்கிற குறுந்தூர ஓட்டத்தில், தயாராகச் சொல்லி ‘செட்’ என்ற பிறகு வெடிச் சத்தம் வரும்வரை அசையாமல் இருக்க வேண்டும். சர்வதேசப் போட்டிகளில் 2010 முதல் ஒரே ஒரு தவறான தொடக்கம் போதும், வெளியே போக வேண்டியதுதான். வேகத்தைவிட அந்த அசையாமைதான் கஷ்டம் என்று தடகளத்தில் இருந்தவர்கள் சொல்வார்கள். அப்படியென்றால் காசிலுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். எந்தச் சத்தம் அவனை நடு இரவில் வீட்டைவிட்டுத் துரத்தியதோ, அதே சத்தத்துக்காகக் குனிந்து, விரல்களைத் தரையில் ஊன்றி, பொறுமையாகக் காத்திருக்கிறான். ஓடாமல் இருக்கிறான். அந்தப் பையன் இந்தக் கதையில் செய்கிற மிகப் பெரிய காரியம் அந்தச் சில நொடிகள் அசையாமல் நிற்பதுதான் என்று நான் நம்புகிறேன். அதற்கு அப்புறம் முதலாவதாக வந்தானா, ஐந்தாவதாக வந்தானா என்பதைச் சொன்னால் நாம் அதைத்தான் நினைவில் வைத்துக்கொள்வோம்.

இதைச் சொன்னதும் குழந்தைகள் சமாதானம் ஆனார்களா? மூன்று பேர் ஆனார்கள். மற்றவர்கள் அவன் ஜெயித்தான் என்று முடிவுசெய்துவிட்டார்கள், ஒருவன் மட்டும் லூ ஜெயித்தான் என்கிறான்.

விளையாட்டு நாவல் என்று சொல்கிறீர்கள், ஓட்டம் கொஞ்சம்தானே வருகிறது?

உண்மை. போட்டிக்குப் போட்டி பரபரப்பை எதிர்பார்த்து எடுத்தால் பசி அடங்காது. பயிற்சி நிறைய வருகிறது, மூச்சு வாங்குவது, கால் வலிப்பது, புதியவன் என்பதால் தனியாகத் தெரிவது, இதெல்லாம். அப்புறம் உலக சாதனைப் புத்தகம். காசிலுக்கு அது மனப்பாடம், மூக்கால் பலூன் ஊதிச் சாதனை படைத்தவரில் இருந்துதான் கதையையே தொடங்குகிறான். ஓட்டம் பிடிக்காத குழந்தைகளை உள்ளே இழுப்பது அந்தச் சாதனைகள்தான். எங்களில் இரண்டு பேர் மூக்கால் ஊதிப் பார்த்தார்கள்.

பெண் பிள்ளைகளுக்குப் பிடிக்குமா?

எங்கள் கூட்டத்தில் ஆறு பேர் பெண் பிள்ளைகள். காசிலோடு குழுவில் புதிதாகச் சேர்ந்த, பாட்டி என்று அழைக்கப்படும் பட்டீனாவை அவர்கள் ஆளுக்கு ஆள் சொந்தம் கொண்டாடினார்கள். பெயரைக் கேட்டுக் கிழவி என்று நினைத்துக் கொஞ்சம் குழம்பினார்கள், அவ்வளவுதான்.

ஆங்கிலம் கஷ்டமா? என் பையன் தமிழ்வழியில் படிக்கிறான்.

வாக்கியங்கள் சின்னவை, ஆனால் பள்ளிப் பாட ஆங்கிலம் கிடையாது. காசில் கறுப்பினக் குடியிருப்பில் வளர்ந்த பையன் பேசுகிற மாதிரியே பேசுகிறான். இலக்கணப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் தவறு மாதிரித் தோன்றும், காதால் கேட்டால் இசை மாதிரி இருக்கும். அதனால் சத்தமாக வாசியுங்கள். கை லாக்கார்டு வாசித்த ஒலிப்புத்தகமும் இருக்கிறது, முதல் இரண்டு அத்தியாயங்களை அதில் கேட்டுவிட்டு அச்சுப் பக்கத்துக்கு வந்தால் அந்தக் குரல் மனதில் ஓடும். நாங்கள் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் வாசித்து, நடந்ததைத் தமிழில் யாராவது ஒரு குழந்தை சொல்ல, அடுத்த பக்கம் போவோம். நேரம் பிடிக்கும். ஆனால் தமிழில் சொல்கிற குழந்தை தன் தெருப் பேச்சிலேயே சொல்வதால் காசிலின் பேச்சுக்கு அது ரொம்பப் பொருந்தியது.

எங்கேயோ இருக்கிற அமெரிக்கப் பையன் கதை. நம் பிள்ளைகளுக்கு எப்படி ஒட்டும்?

துப்பாக்கி ஒட்டாது, அது அந்த நாட்டின் துயரம். அங்கே வீட்டுக்குள் துப்பாக்கி இருப்பது எவ்வளவு சாதாரணம் என்று குழந்தைகளுக்கு விளக்க வேண்டியிருந்தது. ஷூ விளக்கம் இல்லாமலே ஒட்டியது. மதுரைப் பக்கத்து ரேவதி வீரமணியைப் பற்றி அவர்களே பேச ஆரம்பித்துவிட்டார்கள். சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்து, பாட்டி கூலி வேலை பார்த்து வளர்த்த பெண், ஷூ இல்லாமல் வெறுங்காலில் ஓட ஆரம்பித்து, 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடியவர். அவருக்கும் திறமையைக் கண்டுபிடித்து விடாமல் பின்னால் நின்ற ஒரு பயிற்சியாளர் இருந்தார். “பிராடி மாதிரி” என்றார்கள் குழந்தைகள். நான் எதுவும் சேர்க்கவில்லை.

ஆசிரியரின் சொந்தக் கதையா இது?

நாவல்தான். ஜேசன் ரெனால்ட்ஸ் 1983-இல் வாஷிங்டன் நகரில் பிறந்து, அதை ஒட்டிய மேரிலாந்தில் வளர்ந்தவர். தன் 17 வயது வரை ஒரு நாவலைக்கூட முழுசாகப் படித்ததில்லை என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் 2020-இல் அமெரிக்காவின் இளையோர் இலக்கியத்துக்கான தேசியத் தூதராக நியமிக்கப்பட்டார். படிக்கப் பிடிக்காத பையன்களுக்கு எங்கே சலிக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், அந்த இடம் வருவதற்கு முன்பே அத்தியாயத்தை முடித்துவிடுவார்.

அடுத்து எதைப் படிக்க வேண்டும்?

இது முதலில் நான்கு நாவல்களாக வந்த வரிசை. ‘கோஸ்ட்’டுக்கு அடுத்து ‘பட்டீனா’, 2017. பிறகு ‘சன்னி’யும் ‘லூ’வும், இரண்டும் 2018. குழுவில் புதிதாகச் சேர்ந்த நால்வருக்கும் ஆளுக்கொரு புத்தகம், ஒவ்வொன்றும் அந்தந்தப் பிள்ளையின் குரலில். முதல் நாவலில் ஒரு சீன உணவகத்தில் நால்வரும் ஆளுக்கொரு ரகசியம் சொல்கிற காட்சி வரும், காசில் அங்கேதான் அப்பாவைப் பற்றி வாய் திறக்கிறான். மற்றவர்கள் அன்று ஓரிரு வரியில் சொன்னதுதான் அடுத்தடுத்த புத்தகங்களாக விரிகிறது. சன்னி பிறந்தபோதே அம்மாவை இழந்தவன். லூவுக்குப் பிறவியிலேயே தோலிலும் முடியிலும் நிறமி கிடையாது. அதனால் வரிசையாகவே படியுங்கள், நடுவிலிருந்து தொடங்கினால் அந்த மேசையில் நீங்கள் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள்.

நாங்கள் ‘பட்டீனா’வை இந்தச் சனிக்கிழமை ஆரம்பிக்கிறோம். பெஞ்சுக்கு அடியில் காலை இழுத்துக்கொண்டானே, அந்தப் பையன் ‘கோஸ்ட்’டை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறான், மூன்று வாரம் ஆகிறது. இரவல் கேட்டு இன்னும் நான்கு பேர் காத்திருக்கிறார்கள். நான் அவனிடம் திருப்பிக் கேட்கவில்லை, இன்னொரு பிரதிக்குச் சொல்லியிருக்கிறேன்.